முதல் முறையாக வீட்டை வாடகைக்கு விடுகிறவர்களுக்கு: போர்டு மாட்டுவதிலிருந்து அட்வான்ஸைத் திருப்புவது வரை

சொந்த வீட்டின் மாடிப் போர்ஷனையோ, முதலீடாக வாங்கிப்போட்ட ஃப்ளாட்டையோ முதல் தடவை வாடகைக்கு விடப்போகிறவர்களுக்கான வழிகாட்டி இது. சென்னையையும் அதன் புறநகரையும் மனதில் வைத்து எழுதியிருக்கிறோம். சட்டம் பற்றிச் சொல்பவை தமிழ்நாட்டின் மற்ற ஊர்களில் வீடு வைத்திருப்பவர்களுக்கும் உதவும்.

ஹவுஸ் ஓனருக்கும் குடியிருப்பவருக்கும் வரும் சண்டை பெரும்பாலும் காலி செய்யும் நாளில்தான் வெடிக்கிறது. காரணம் என்னவோ குடிவந்த நாளில் கிடக்கிறது. சுவரில் ஏற்கெனவே என்ன கறை இருந்தது, ஈபி மீட்டர் எந்த எண்ணில் நின்றது, குழாய் ஒழுகினால் யார் செலவு என்று அன்று யாரும் எழுதி வைப்பதில்லை. அதனால் சாவி கைமாறும் அந்த நாளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லப்போகிறோம்.

போர்டு மாட்டும் முன்: தண்ணீர், மின்சாரம், சுவர், கடைசியில் பெயின்ட்

நிறைய பேர் தலைகீழாகச் செய்கிறார்கள். பெயின்ட் அடித்து முடித்த பிறகு பிளம்பரைக் கூப்பிடுகிறார்கள். அவர் சுவரை உடைத்து பைப் மாற்றினால் அடித்த பெயின்ட் வீண். வேலையைத் தண்ணீரிலிருந்து தொடங்குங்கள்.

எல்லாக் குழாய்களையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டுப் பாருங்கள். ஒரு குழாயில் மட்டும் தண்ணீர் மெலிந்து வந்தால், பெரும்பாலும் அதன் வாயில் இருக்கும் சின்ன வலையில் உப்பு அடைத்திருக்கும். வலையைக் கழற்றி இரவு முழுவதும் வினிகரில் ஊறப்போட்டு, பழைய டூத் பிரஷால் தேய்த்தால் போதும். ஷவருக்கும் இதே வைத்தியம்தான். எல்லாக் குழாயிலும் மெலிந்து வந்தால் டேங்கிலிருந்து இறங்கும் மெயின் வால்வைப் பாருங்கள். பாதி மூடியே இருக்கும், அல்லது பழைய ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பாக இருந்தால் உள்ளே துரு கட்டியிருக்கும்.

ஃப்ளஷ் டேங்கில் சத்தமில்லாமல் கசியும் தண்ணீர் கண்ணுக்குத் தெரியாது. டேங்கில் பத்துச் சொட்டு நீலம் விட்டு, அரை மணி நேரம் யாரும் ஃப்ளஷ் செய்யாமல் இருங்கள். கோப்பையில் நீலம் இறங்கியிருந்தால் உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர் தேய்ந்துவிட்டது, அல்லது உப்பு படிந்து சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம். மாற்றுவது சின்னச் செலவு. விட்டுவிட்டால் ராத்திரியெல்லாம் டேங்க் காலியாகி, காலையில் மோட்டார் இரண்டு மடங்கு ஓடும்.

ஓவர்ஹெட் டேங்கைக் கழுவாமல் வீட்டைக் காட்டாதீர்கள். முதலில் தண்ணீரை வடித்து, அடியில் இருக்கும் வண்டலை வாரி, சுவரைப் பிரஷால் தேய்த்துக் கழுவுங்கள். பிறகு டேங்கை நிரப்பி, 1,000 லிட்டருக்கு 150 கிராம் புது பிளீச்சிங் பவுடர் என்ற கணக்கில் ஒரு பக்கெட் தண்ணீரில் கரைத்து, அடியில் தங்கும் சுண்ணாம்பை விட்டுவிட்டுத் தெளிந்த நீரை மட்டும் டேங்கில் ஊற்றுங்கள். ஒவ்வொரு குழாயையும் குளோரின் வாடை வரும்வரை திறந்து, மூடி, ஓர் இரவு அப்படியே விடுங்கள். காலையில் முழுவதையும் வடித்துவிட்டுப் புதுத் தண்ணீர் பிடியுங்கள். அந்த இரவில் அந்தத் தண்ணீரைக் குடிக்கவோ சமைக்கவோ கூடாது. பாக்கெட் உடைத்து மாதக்கணக்கில் கிடந்த பவுடரில் வீரியம் போயிருக்கும், வாங்கும்போதே தேதி பாருங்கள்.

சம்ப் கழுவுவது வேறு கதை. மூடிக்கிடந்த சம்புக்குள் விஷவாயு தேங்கியிருக்கலாம், ஆக்ஸிஜனும் குறைந்திருக்கலாம். தமிழ்நாட்டில் ஒவ்வோர் ஆண்டும் இப்படி உயிர் போன செய்தி வருகிறது. பாதுகாப்பு உபகரணத்தோடு, வெளியிலிருந்தே மோட்டார் வைத்து உறிஞ்சிக் கழுவும் ஆட்களிடம் கொடுங்கள். காசை மிச்சம் பிடிக்க யாரையும் உள்ளே இறக்காதீர்கள்.

கீசர் உப்புத் தண்ணீர் ஏரியாவில் சீக்கிரம் கெடும். தண்ணீர் சூடாக முன்பைவிட நேரம் ஆகிறது, உள்ளே 'கடகட' என்று சத்தம் வருகிறது என்றால் எலிமென்டில் உப்பு ஓடு கட்டியிருக்கிறது. உள்ளே ஆனோட் ராடு என்று ஓர் உலோகக் குச்சி உண்டு. டேங்க் துருப்பிடிக்காமல் இருக்க அது தன்னைக் கரைத்துக்கொள்ளும். அது தீர்ந்துபோனதைக் கவனிக்காவிட்டால் அடுத்து டேங்கே ஓட்டையாகும். போர்த் தண்ணீர் வரும் வீட்டில் வருஷம் ஒரு தடவை சர்வீஸ் செய்து, ராடு தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

மின்சாரத்தில் முதலில் பார்க்க வேண்டியது மெயின் போர்டில் இருக்கும் ஆர்சிசிபி, அதாவது கரன்ட் கசிந்தால் தானே இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச். அதில் 'டி' என்று குறித்த சின்னப் பொத்தானை அழுத்தினால் வீடு முழுக்க கரன்ட் போக வேண்டும். போகவில்லையென்றால் அது வேலை செய்யவில்லை. ஆர்சிசிபியே இல்லாத பழைய வீடாக இருந்தால், லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனை வைத்து 30 மில்லி ஆம்பியர் திறன் உள்ளதைப் போட்டுவிடுங்கள். ஈரக் கையோடு யாராவது கசியும் வயரைத் தொட்டால் உயிரைக் காப்பது இதுதான். எம்சிபி இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம். அது ஓவர்லோடையும் ஷார்ட் சர்க்யூட்டையும் மட்டும்தான் பார்க்கும். கீசருக்கும் ஏசிக்கும் தனி 16 ஆம்பியர் பாயின்ட், எர்த்தோடு இருக்க வேண்டும். பிளக் பாயின்ட்டைச் சுற்றிப் பழுப்பாகக் கருகியிருந்தால் உள்ளே ஒயர் லூசாக இருக்கிறது. மேல்மூடியை மட்டும் மாற்றி மறைக்காதீர்கள்.

சுவர் ஊறலுக்கு பெயின்ட் மருந்தாகாது. எந்தப் பக்கத்திலிருந்து ஈரம் வருகிறது என்று கண்டுபிடிக்க ஒரு எளிய சோதனை இருக்கிறது. ஒரு முழ அகல பாலிதீன் ஷீட்டை ஊறிய இடத்தில் வைத்து, நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். ஷீட்டுக்கு உள்பக்கம், அதாவது சுவரைப் பார்த்த பக்கம் நீர் முத்துக் கட்டியிருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறையைப் பார்த்த பக்கம் ஈரமாக இருந்தால் காற்றோட்டம் போதவில்லை. முதல் வகையானால் அந்தச் சுவருக்கு மறுபக்கம் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பாத்ரூம் என்றால் டைல்ஸ் இடுக்கை அடைக்கும் கிரவுட் பூச்சு போயிருக்கும், நஹானி ட்ராப்பை (தரையில் தண்ணீர் வெளியேறும் வாயை) சுற்றி விரிசல் இருக்கும், அல்லது சுவருக்குள் போகும் பைப் கசியும். மேல்தளம் என்றால் மொட்டைமாடி. காரணத்தைச் சரிசெய்து, சுவர் நன்றாகக் காய்ந்த பிறகுதான் பட்டி பார்க்க வேண்டும். ஈரத்தின் மேல் பட்டி போட்டு பெயின்ட் அடித்தால் அடுத்த மழைக்குள் உப்புப் பூத்து உரியும்.

வாடகையை எப்படி முடிவு செய்வது

அதே தெருவில், அதே அளவு வீட்டுக்கு இப்போது உண்மையில் எவ்வளவு கொடுத்துக் குடியிருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். விளம்பரத்தில் போட்டிருப்பது கேட்கும் விலை, படியும் விலை வேறு. மூன்று நான்கு வீட்டை விசாரித்தால் ஒரு மட்டம் பிடிபடும்.

ஒரு கணக்கு பாருங்கள். 18,000 ரூபாய்க்கு உடனே போகக்கூடிய வீட்டுக்கு 19,000 கேட்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். வருஷத்துக்குக் கூடுதலாக வருவது 12,000. நாள் வாடகை 600 ரூபாய். இருபது நாள் வீடு காலியாகக் கிடந்தால் அந்த 12,000 போய்விட்டது. அதற்கு மேல் ஒவ்வொரு நாளும் கை நஷ்டம்தான். அதோடு காலி வீட்டுக்கும் அசோசியேஷன் மெயின்டனன்ஸ் கட்டியாக வேண்டும்.

காலமும் பார்க்க வேண்டும். ஆடியிலும் மார்கழியிலும் பால் காய்ச்சக் கூடாது என்று நினைக்கிற குடும்பங்கள் இன்னும் அதிகம். ஆனி கடைசியில் காலியான வீடு ஆவணி வரை கிடக்க வாய்ப்பு உண்டு. ஸ்கூல் திறக்கும் முன் மே மாதத்தில் வீடு தேடுகிற கூட்டம் பெரிது. பெரிய ரிப்பேர் ஏதாவது இருந்தால் அதை ஆடி, மார்கழியில் வைத்துக்கொள்ளுங்கள்.

புரோக்கர் கமிஷன் ஓனர் பக்கம் எவ்வளவு, வருகிறவர் பக்கம் எவ்வளவு என்று முதலிலேயே பேசிவிடுங்கள். ஒரே வீட்டுக்கு மூன்று புரோக்கரிடம் மூன்று வாடகை சொல்வது வேண்டாம். வருகிறவர்களுக்கு அது உடனே தெரிந்துவிடும், அதன் பிறகு நீங்கள் சொல்லும் எதையும் நம்ப மாட்டார்கள்.

யாருக்குக் கொடுப்பது

கேட்க வேண்டியவை: எத்தனை பேர் இருப்பார்கள், எங்கே வேலை, எத்தனை வண்டி, எந்தத் தேதியில் குடிவரப்போகிறார்கள், எவ்வளவு காலம் இருக்கிற எண்ணம், முன்பு குடியிருந்த வீட்டு ஓனரிடம் பேசலாமா. கடைசிக் கேள்வி ரொம்ப முக்கியம். இப்போதைய ஓனர் அவர்கள் போனால் போதும் என்று நல்ல வார்த்தை சொல்லக்கூடும். அதற்கும் முந்தின வீட்டு ஓனர்தான் உள்ளதைச் சொல்வார்.

சாதி, மதம் கேட்காதீர்கள். வாடகையை நாள் தவறாமல் கட்டுவார்களா, வீட்டைப் பார்த்துக்கொள்வார்களா என்பதற்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. கேட்பது மனிதரை அவமதிப்பது. தனியாக வேலைக்கு வந்திருக்கும் பெண்களையும் பையன்களையும் 'பேச்சிலர் வேண்டாம்' என்று மொத்தமாகத் தள்ளுவதும் உங்களுக்கே நஷ்டம். எத்தனை பேர் தங்கலாம், வாடகைக்கு யார் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் எழுதி, எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினால் போதும்.

வீடு பிடித்துவிட்டது என்று டோக்கன் அட்வான்ஸ் கொடுத்தால் உடனே ரசீது எழுதிக்கொடுங்கள். எத்தனை நாளுக்குள் மீதி தர வேண்டும், மனம் மாறினால் டோக்கன் திரும்புமா என்பதும் அதில் இருக்கட்டும். ஆதார் நகல், ஆபீஸ் அடையாள அட்டை நகல் வாங்கி, வாடகைதாரர் விவரப் படிவத்தைப் பகுதிக் காவல் நிலையத்தில் கொடுத்து ஒப்புகை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒப்பந்தம்

1960ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்போது இல்லை. அதன் இடத்தில் 2017ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட, சொத்து உரிமையாளர் மற்றும் வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகளை ஒழுங்குபடுத்தும் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. வாய்ப்பேச்சில் வாடகைக்கு விடும் பழக்கத்துக்கு இதில் இடமில்லை. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதை வாடகை ஆணையத்தில் பதிய வேண்டும். பதிவுக்கென்றே அரசின் இணையதளம் இருக்கிறது.

'11 மாதத்துக்குத்தானே போடுகிறோம், பதிய வேண்டாம்' என்று பத்திரம் எழுதுகிறவரே சொல்வார். 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டத்தில் ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைக் கட்டாயம் பதிய வேண்டும் என்று இருப்பதால் வந்த பழக்கம் அது. சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அந்தப் பேச்சு பொருந்தலாம். வாடகை ஆணையப் பதிவு வேறு, 11 மாத ஒப்பந்தத்துக்கும் அது உண்டு. பதியாத ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு நாளைக்கு வழக்கு என்று போனால் அது சாட்சியமாக நிற்காது.

அட்வான்ஸ் விஷயத்தில் சட்டம் சொல்வது மூன்று மாத வாடகை. இருவரும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டு எழுதினால்தான் அதற்கு மேல் வாங்கலாம். பத்து மாத அட்வான்ஸ் கேட்ட காலம் ஒன்று சென்னையில் இருந்தது. இன்று அப்படிக் கேட்டால் நல்ல வாடகைதாரர்கள் பக்கத்து வீட்டுக்குப் போவார்கள். காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பிடித்தம் போக மீதியைத் திருப்பித்தர வேண்டும் என்பதும் சட்டமே. ஆகவே அட்வான்ஸை வேறு செலவுக்கு எடுக்காதீர்கள். தனி டெபாசிட்டில் போட்டு வையுங்கள். அடுத்து வருகிறவரின் அட்வான்ஸை வாங்கித்தான் இவருக்குத் தர வேண்டும் என்ற நிலை வந்தால் ஒரு மாதக் கெடுவைக் காப்பாற்ற முடியாது.

ரிப்பேர் யார் பொறுப்பு என்பதற்குச் சட்டத்தின் அட்டவணையிலேயே பட்டியல் இருக்கிறது. ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதாதவரை, கட்டட அமைப்பு சார்ந்த பழுது, சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயின்ட், பைப் மாற்றுவது, ஒயரிங் ஆகியவை ஓனர் கணக்கு. குழாய், வாஷர், சுவிட்ச், சாக்கெட், வாஷ் பேசின், கீசர் ரிப்பேர், அடைப்பெடுப்பது, பூட்டு, ஜன்னல் கண்ணாடி, கொசுவலை போன்றவை குடியிருப்பவர் கணக்கு. இதைப் படித்தால் ஒன்று புரியும். காலி செய்யும்போது 'பெயின்டிங்குக்கு ஒரு மாத வாடகை' என்று கண்ணை மூடிக்கொண்டு பிடிப்பது, ஒப்பந்தத்தில் எழுதாவிட்டால் செல்லாது. அப்படிப் பிடிக்கத்தான் எண்ணம் என்றால் தொகையோடு முதலிலேயே எழுதி, படித்துக்காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். எங்கள் அபிப்பிராயம், இரண்டு வருஷத்துக்கு மேல் இருந்தவரிடம் அதைப் பிடிக்கக் கூடாது. சாதாரணமாகப் புழங்கினாலே அதற்குள் பெயின்ட் மங்கும்.

இவற்றோடு, வாடகை எந்தத் தேதிக்குள், எந்தக் கணக்கில், மெயின்டனன்ஸ் யார் கட்டுவது, வருஷத்துக்கு எத்தனை சதவீதம் ஏறும், காலி செய்ய எத்தனை மாத நோட்டீஸ், உள்வாடகைக்கு விடக் கூடாது என்பதெல்லாம் இருக்க வேண்டும். ஈபிக்கு தனி மீட்டர் இருந்தால் பில்லை அவர்களே நேரடியாகக் கட்டட்டும். சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு உங்கள் இஷ்டத்துக்கு விலை போடுவது வேண்டாம். அந்த ஒன்றுக்காகவே வீட்டை மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள்.

வெளிநாட்டில் இருந்துகொண்டு வீட்டை விடுகிறவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். ஓனர் என்ஆர்ஐ என்றால் வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும், குடியிருப்பவர் 30 சதவீதமும் அதன் மேல் செஸ் என்ற கூடுதல் வரியும் வாடகையிலிருந்தே டிடிஎஸ்ஸாக (முன்கூட்டிய வரிப் பிடித்தம்) பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். இதை முன்கூட்டியே சொல்லாமல் விட்டு, பின்னால் நோட்டீஸ் குடியிருப்பவருக்குப் போனால் அது அநியாயம். உள்ளூரில் இருக்கும் ஓனருக்கு மாத வாடகை 50,000 ரூபாயைத் தாண்டினால் 2 சதவீதம் பிடிப்பார்கள். ஆண்டு வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால், ஆபீஸில் வீட்டு வாடகைப் படிக்கு வரிச்சலுகை கேட்பவர் உங்கள் பான் எண்ணைக் கேட்பார். மறுக்காமல் கொடுங்கள்.

சாவி கொடுக்கும் நாள்

பகல் வெளிச்சத்தில், குறைந்தது ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். சாமான் வண்டி வாசலில் நிற்கும்போது இது நடக்காது. பால் காய்ச்சுவதற்கு முந்தின நாள் வைத்துக்கொண்டால் நல்லது.

இருவரும் சேர்ந்து வாசல் கதவில் தொடங்கி அறை அறையாகப் போங்கள். போனில் வீடியோ ஓடட்டும், வாயால் சொல்லிக்கொண்டே எடுங்கள்: 'ஹால், ஜன்னல் பக்கச் சுவரில் இரண்டு ஆணித் துளை, கீழே கறை.' ஃபேனை ஒன்றிலிருந்து ஐந்துவரை ஓட்டிக் காட்டுங்கள். ஒவ்வொரு கதவையும் தாழ்ப்பாள் போட்டுத் திறங்கள். மழைக்குப் பின் உப்பிய கதவு வெயில் காலத்தில் தெரியாது, அதையும் சொல்லிவிடுங்கள். சமையலறை சிங்க்கில் ஒரு வாளித் தண்ணீரை மொத்தமாக ஊற்றி, எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது, அடியில் கப்ளிங்கில் சொட்டுகிறதா என்று இருவரும் குனிந்து பாருங்கள். கீசர் சுவிட்சைப் போட்டு லைட் எரிவதைக் காட்டினால் போதாது. பத்து நிமிஷம் கழித்து வெந்நீரைத் திறந்து தொட்டுப் பாருங்கள். ஏசி இருந்தால் கால் மணி நேரம் ஓடவிட்டு, குளிர்ச்சியையும் தண்ணீர் வெளியே போகும் குழாயையும் கவனியுங்கள்.

ஈபி மீட்டரை எண் தெளிவாகத் தெரியும்படி போட்டோ எடுங்கள். பழைய பாக்கி இல்லை என்று ரசீதைக் காட்டுங்கள். பிறகு ஒரு தாளில் ஃபேன் எத்தனை, லைட் எத்தனை, கர்டன் ராடு, லாஃப்ட் கதவு, சாவி எத்தனை ஜோடி என்று எழுதி, குறைகளையும் எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கு ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். வீடியோவையும் அங்கேயே வாட்ஸ்ஆப்பில் அவர்களுக்கு அனுப்புங்கள். உங்களிடம் மட்டும் இருக்கும் ஆதாரத்தை நாளைக்கு அவர்கள் நம்ப வேண்டிய அவசியம் இல்லை.

பழைய வாடகைதாரர் வைத்திருந்த பூட்டையே தொடராதீர்கள். மெயின் கதவுப் பூட்டின் சிலிண்டரை மட்டும் மாற்றினால் போதும், முழுப் பூட்டும் தேவையில்லை. புது சாவி பாக்கெட்டைப் பிரிக்காமல் அவர்கள் கையில் கொடுங்கள். மெயின் வால்வு எங்கே, மோட்டார் சுவிட்ச் எது, ஆர்சிசிபி டிரிப் ஆனால் எப்படிப் போடுவது, குப்பை வண்டி எப்போது வரும், மெட்ரோ தண்ணீர் எத்தனை மணிக்கு என்று ஒரு தாளில் எழுதி மீட்டர் பாக்ஸ் கதவின் உள்பக்கம் ஒட்டிவிட்டால், முதல் வாரத்தில் உங்களுக்கு வரும் போன் பாதியாகக் குறையும்.

குடியிருக்கும் காலம்: போன் வந்தால் என்ன செய்வது

வாடகைதாரரும் வாடிக்கையாளர்தான். மாதாமாதம் அவர் சம்பளத்தில் பெரிய பங்கு உங்களிடம் வருகிறது. புகார் வந்ததும் 'பார்க்கிறேன்' என்று சொல்லிவிட்டு மறப்பதைவிட, 'நாளைக்குப் பதினொரு மணிக்கு பிளம்பர் வருவார்' என்று சொல்லி அதைக் காப்பாற்றுவது பெரிய விஷயம். ஆள் வர முடியாமல் போனால் பத்து மணிக்கே போன் செய்துவிடுங்கள். அவர்கள் லீவு போட்டுக் காத்திருப்பார்கள்.

எதற்கு எவ்வளவு அவசரம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். தண்ணீரே வரவில்லை, சுவிட்சைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது, கருகிய வாடை, ஒரே டாய்லெட் உள்ள வீட்டில் அடைப்பு, வாசல் பூட்டு மாட்டிக்கொண்டது, இவை அன்றைக்கே. கசிவு, ஓடாத ஃபேன் எல்லாம் இரண்டு மூன்று நாளுக்குள். கொசுவலை, கைப்பிடி போன்றவற்றைச் சேர்த்து வைத்து ஒரே நடையில் முடிக்கலாம். கேஸ் வாடை என்றால் உங்களுக்காகக் காத்திருக்கச் சொல்லாதீர்கள். ரெகுலேட்டரை மூடி, ஜன்னலைத் திறந்து, எந்த சுவிட்சையும் தொடாமல் வெளியே வந்து 1906 என்ற கேஸ் அவசர எண்ணுக்குப் பேசச் சொல்லுங்கள்.

ஆளை அனுப்பும் முன் போனிலேயே கொஞ்சம் விசாரித்தால் ஒரு நடை மிச்சம். உதாரணம் மோட்டார். 'தண்ணீர் ஏறவில்லை' என்றால், மோட்டார் சத்தம் எப்படி என்று கேளுங்கள். 'உம்ம்' என்று முனகிவிட்டு ஓடாமல் நின்றால் பெரும்பாலும் கெபாசிட்டர் போயிருக்கும், அல்லது தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லர் இறுகியிருக்கும். உடனே ஆஃப் செய்யச் சொல்லுங்கள், விட்டால் காயில் எரியும். நன்றாக ஓடுகிறது, தண்ணீர் மட்டும் வரவில்லை என்றால் சம்பில் தண்ணீர் இருக்கிறதா என்று மூடியைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால் உறிஞ்சும் குழாயின் அடியில் இருக்கும் ஃபுட் வால்வு கசிந்து காற்றுப் பிடித்திருக்கிறது. சத்தமே இல்லையென்றால் கரன்ட்டோ ஸ்டார்ட்டரோ. எது என்று தெரிந்தால் எலக்ட்ரீஷியனையா பிளம்பரையா கூப்பிடுவது என்பதும், வருகிறவர் என்ன பார்ட் எடுத்து வர வேண்டும் என்பதும் தெளிவாகிவிடும்.

மாற்றிய பழைய பார்ட்டைக் காட்டச் சொல்லுங்கள், பில்லை வாட்ஸ்ஆப்பில் இருவருக்கும் அனுப்பச் சொல்லுங்கள். யார் செலவு என்பது வேலை தொடங்கும் முன்பே முடிவாக வேண்டும். அட்டவணைப்படி குடியிருப்பவர் செலவாக இருந்தாலும், குடிவந்த முதல் மாதத்தில் கெட்ட பொருளை நீங்களே சரிசெய்து கொடுங்கள். உங்கள் தரப்பு ரிப்பேரை இழுத்தடித்தால், அவரே செய்துவிட்டு வாடகையில் கழித்துக்கொள்ளச் சட்டம் வழி வைத்திருக்கிறது.

வீட்டைப் பார்க்கப் போக வேண்டுமானால் 24 மணி நேரத்துக்கு முன் எழுத்தில் சொல்லிவிட்டு, பகலில் போங்கள். சொந்த வீடுதானே என்று டூப்ளிகேட் சாவியால் திறந்து நுழைவது பெரிய தப்பு. வாடகை பாக்கிக்காகத் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்துவது அதைவிட மோசம், வாடகை ஆணையத்துக்குப் போனால் உங்கள் மேல்தான் நடவடிக்கை வரும். பாக்கி விழுந்தால் முதலில் பேசுங்கள், அடுத்து எழுத்தில் நோட்டீஸ். இரண்டு மாதப் பாக்கி இருந்து, நோட்டீஸ் கொடுத்து ஒரு மாதத்துக்குள்ளும் கட்டவில்லை என்றால் காலி செய்யச் சொல்லி வாடகை நீதிமன்றத்தை நாடலாம். வாடகைக்கு மாதாமாதம் ரசீது கொடுங்கள், வங்கிக் கணக்கில் வந்தாலும்.

வருஷத்தில் தவற விடக்கூடாத மாதம் செப்டம்பர். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும். அதற்குள் மொட்டைமாடியைப் பெருக்கி, மழைநீர் இறங்கும் வாய்களில் சருகும் பிளாஸ்டிக்கும் எடுத்து, ஒரு குடம் தண்ணீர் ஊற்றி இறங்குகிறதா என்று பாருங்கள். தட்டோடு இடுக்கில் விரிசல் இருந்தால் வெயில் இருக்கும்போதே அடைத்துவிட வேண்டும். மழை நடுவில் எந்த வாட்டர் ப்ரூஃபும் ஒட்டாது. டேங்க் கழுவுவது ஆறு மாதத்துக்கு ஒரு தடவை, ஆர்சிசிபி பொத்தானை மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அழுத்திப் பார்ப்பது, கரையான் கோடு தெரிகிறதா என்று கதவு நிலையை அவ்வப்போது பார்ப்பது, அவ்வளவுதான்.

காலி செய்யும்போது

நோட்டீஸ் வந்ததும் கணக்கு எப்படிப் பார்க்கப்போகிறோம் என்று எழுத்தில் அனுப்பிவிடுங்கள். காலி செய்வதற்குப் பத்து நாள் முன் ஒரு தடவை சேர்ந்து சுற்றிப் பார்த்தால், சின்னக் குறைகளை அவர்களே சரிசெய்ய நேரம் கிடைக்கும். கடைசி நாளில் சாமான் எல்லாம் வண்டியில் ஏறிய பிறகு, குடிவந்த நாளின் தாளையும் வீடியோவையும் வைத்துக்கொண்டு அதே வரிசையில் போங்கள்.

பிடிப்பது எது, விடுவது எது என்பதில் நேர்மை வேண்டும். காலண்டர் மாட்டிய ஆணித் துளை, மங்கிய பெயின்ட், தேய்ந்த வாஷர் எல்லாம் புழங்கியதால் வந்தவை. உடைந்த வாஷ் பேசின், பிளந்த கதவு, காணாமல் போன ஃபேன் வேறு. அதிலும் பழைய பொருளுக்குப் புது விலை போடாதீர்கள். எட்டு வருஷம் ஓடிய ஃபேனுக்கு இன்றைய கடை விலை கேட்பது நியாயம் இல்லை.

ஈபி பில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வருவதால் இடையில் காலி செய்தால் சிக்கல். அன்றைய மீட்டர் எண்ணைப் போட்டோ எடுத்து, கடந்த பில்லின் எண்ணைக் கழித்து, அதுவரை ஓடிய யூனிட்டுக்கு இருவரும் கட்டணம் போட்டுப் பாருங்கள். வீட்டு இணைப்புக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பதை அதில் மறக்காமல் கழியுங்கள். வாடகை 18,000, அட்வான்ஸ் 54,000 என்று வைத்துக்கொள்வோம். ஈபி 640, லாஃப்ட் கதவு ரிப்பேர் 1,200 என்றால், பில்லோடு 1,840 பிடித்து 52,160 ரூபாயை வங்கிக் கணக்கில் அனுப்பி, கணக்குத் தாளில் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். முடிந்தால் சாவி வாங்கும் அன்றே அனுப்பிவிடுங்கள், அவர்கள் புது வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துக் கை வறண்டிருப்பார்கள்.

கேஸ் இணைப்பு, ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை ஆகியவற்றில் முகவரி மாற்றச் சொல்லி நினைவூட்டுங்கள். சில மாதங்களுக்கு அவர்கள் பெயரில் தபால் வரும். எடுத்து வைத்து, வாட்ஸ்ஆப்பில் ஒரு போட்டோ அனுப்பிக் கேட்டுக்கொள்ளுங்கள்.